மூன்று பள்ளிக்கூடத்துக்கு ஒரு சம்பளம்

செல்வமலர் மேடையில் பேசி யாரும் கேட்டதில்லை. வடமராட்சிக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டனில் ஒரு கிளை உண்டு. அதன் கூட்டங்களில் பதினொரு வருடமாக மூலையில் இருந்து குறிப்பு எழுதி வந்தார். பேசுவதற்கு அங்கே ஆட்பஞ்சம் இருந்ததில்லை. தலைவர், முன்னாள் தலைவர், தலைவராக வந்திருக்க வேண்டியவர் என்று மூன்று வகை ஆண்கள் மாறி மாறி எழுந்து, "யாப்பின்படி" என்று தொடங்குவார்கள். யாப்பு என்பது சங்கத்தின் சட்டப் புத்தகம், இருபத்திரண்டு பக்கம். அதன் பெயரால் சங்கம் இரண்டு தடவை உடைந்திருக்கிறது. ஆனாலும் அதை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே ஆள் செல்வமலர்தான். குறிப்பு எழுதுகிறவருக்கு வாசிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. பேசுகிறவர்களுக்கு அது இருக்கவில்லை.

வயது நாற்பத்துமூன்று. ஸ்ட்ரெதம் பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடையில், வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு, பெட்டிகளில் ஒட்டும் லேபல்களை இரண்டு தடவை வாசிப்பது அவருடைய வேலை. அங்கே ஒரு சொல் பிழைத்தால் ஆள் போய்விடும். சங்கத்தில் ஒரு சொல் பிழைத்தால் சங்கமே போய்விடும். இரண்டு இடத்திலும் வேலை செய்ததில், வாக்கியங்களை மெதுவாகப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்தப் பழக்கம் குடும்ப வாழ்க்கைக்கு உகந்ததல்ல என்பது கணவர் பாலேந்திராவின் அபிப்பிராயம்.

ஒரே மகள் விதுஷா. எட்டு வயது. இரண்டு காதிலும் கருவி. ஆசிரியை பிள்ளைகளைப் பார்த்துப் பேசினால் கேட்கும். பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் கேட்காது. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆசிரியைகள் திரும்பத்தான் செய்வார்கள். அதனால் விதுஷாவின் பக்கத்தில் தினமும் காலையில் மேரிசாந்தி இருந்தார். மன்னார்ப் பெண், பள்ளிக்கூடத்தில் ரி.ஏ., அதாவது வகுப்பில் ஆசிரியைக்குத் துணையாக இருக்கும் உதவியாளர். தவறவிட்டதைச் சின்னப் பலகையில் எழுதிக் காட்டுவார். தனக்கு விளங்கவில்லை என்று விதுஷாவுக்குத் தெரிவதற்கு முன்பே மேரிசாந்திக்கு அது தெரிந்துவிடும். ஐந்து வருடமாக அப்படி.

தீபாவளி முடிந்த கிழமை, விதுஷாவின் பைக்குள் ஒரு கடிதம் வந்தது. 'மறுசீரமைப்பு' என்று தலைப்பு. பிள்ளைகளின் தொகை குறைகிறது, செலவு கூடுகிறது, ஆகவே ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள மூன்று பள்ளிக்கூடங்களிலும் சேர்த்து ஒன்பது உதவிப் பணியிடங்கள் 'மீளாய்வு செய்யப்படும்' என்று எழுதியிருந்தார்கள்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் மேரிசாந்தி தன் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார். "அக்கா, மீளாய்வு எண்டால் என்னெண்டு விளங்குது தானே. ஈஸ்ரருக்குப் பிறகு நான் இல்லை."

"அப்ப விதுஷாவுக்கு ஆர்?"

"ஆளில்லை. முன்வரிசையில இருத்துவினமாம்."

"முன்வரிசையில இருந்தால் ரீச்சரின்ர முதுகு பெரிசாத் தெரியும். அவ்வளவுதான்."

விதுஷாவுக்கு உதவியாளர் உண்டு என்று உள்ளூராட்சிக் கவுன்சிலிடம் எழுத்துமூலமான உத்தரவாதம் கேட்டு விண்ணப்பித்து ஒன்றரை வருடமாகிறது. அது வந்தால் உதவியாளரைச் சட்டப்படி நிறுத்த முடியாது. வரவில்லை, வரும்வரை எல்லாம் பள்ளிக்கூடத்தின் தயவு. ஆக, செல்வமலர் அன்று எடுத்துக்கொண்ட காரியம் சின்னது: மேரிசாந்தி போகக்கூடாது.

லண்டனில் பல பள்ளிக்கூடங்களைக் கவுன்சில் நடத்துவதில்லை. ட்ரஸ்ட் என்று அமைப்புகள் இருக்கின்றன. அரசாங்கத்திடம் நேரே பணம் வாங்கி நடத்துகின்றன. சில ட்ரஸ்டுகளிடம் ஐம்பது பள்ளிக்கூடம் இருக்கும். இதனிடம் மூன்று. மூன்றும் ஆரம்பப் பள்ளி. எல்லாம் சேர்த்து எழுநூறு பிள்ளைகள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் அதிபர் உண்டு. அந்த மூன்று அதிபர்களுக்கும் மேலே ஒரு தலைமை நிர்வாகி, மிஸிஸ் கார்ஸ்டன். அவருடைய வேலை அதிபர்களை நிர்வகிப்பது. அதிபர்களின் வேலை பள்ளிக்கூடத்தை நிர்வகிப்பது. மேரிசாந்தியின் வேலை மட்டும் பிள்ளையோடு இருப்பது. அதனாலோ என்னவோ, குறைக்க வேண்டும் என்று வந்தபோது அவருடைய பெயர்தான் முதலில் வந்தது.

ட்ரஸ்டின் இணையத்தளத்தில் வருடாந்த அறிக்கை கிடந்தது. செல்வமலர் நாற்பத்தேழாம் பக்கத்தில் நின்றார்.

"இஞ்சேருங்கோ, இந்த மனிசிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் பவுணாம்."

பாலேந்திரா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "வருசத்துக்கோ?"

"பின்னை, கிழமைக்கோ?"

"நல்ல சம்பளம்." குரலில் மரியாதை இருந்தது. "என்ன படிச்சவவாம்?"

செல்வமலர் அடுத்த பக்கத்துக்குப் போனார். பாலேந்திரா சங்கத்தில் மூன்று தடவை தலைவராக இருந்தவர். கணக்கறிக்கையில் ஏழு பவுண் இடித்ததற்காகப் பொருளாளரை ஒன்றரை மணிநேரம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டவர். ஆனால் பள்ளிக்கூடம் வேறு. பள்ளிக்கூடம் என்றால் படித்தவர்கள் இருக்கும் இடம். அங்கே குரலை உயர்த்தக் கூடாது.

அவர் மட்டும் அல்ல. பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பெற்றோருக்கு வட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு; செல்வமலர் அந்தத் தொகையை அதில் போட்டார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். முதலில் வந்தது ஆச்சரிய முகம். பிறகு றமணன் என்ற டாக்ஸி ஓட்டும் தகப்பனின் குரல்: "அக்கா, இந்த வேலைக்கு எந்த யூனிவேர்சிற்றியில என்ன கோர்ஸ் செய்யவேணும்? எங்கட மூத்தவ ஏ-லெவல் எடுக்கிறா." அதற்குக் கீழே பதினாறு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

கோயிலில் விளக்கெண்ணெய்க்கு எவ்வளவு போனது என்று கேட்டு வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்புகிறவர்கள்தான் இவர்களும். நம்முடைய ஆள் ஐந்து பவுண் எடுத்தால் திருட்டு. தெரியாத ஆள் ஒன்றரை லட்சம் எடுத்தால் கெட்டித்தனம். இதில் அநியாயம் இருக்கிறதே தவிர முரண்பாடு இல்லை. நாளைக்குத் தம் பிள்ளை உட்கார வேண்டிய நாற்காலியை யார்தான் இன்றைக்கே உடைப்பார்கள்?

செல்வமலர் குழுவில் வேறு ஒன்றும் எழுதவில்லை. ட்ரஸ்டுக்கும் ஒரு யாப்பு இருக்க வேண்டும் என்று நினைத்தார். இருந்தது, இணையத்தளத்தின் ஆக அடியில், ஐம்பத்தெட்டுப் பக்கம். நூலகத்தில் அச்செடுத்து, மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்துக்கடையின் பின்னறையில் இருந்து வாசித்தார். ட்ரஸ்டின் சபையில் ஒன்பது இடம். அதில் இரண்டு பெற்றோருக்கு. அந்த இரண்டையும் பெற்றோரே வாக்களித்து நிரப்ப வேண்டும். இணையத்தளத்தில் இருந்த பெயர்களை எண்ணிப் பார்த்தார். ஏழு. பெற்றோர் என்று ஒருவரும் இல்லை.

கேட்டு எழுதினார். 'பெற்றோர் எவரும் முன்வரவில்லை' என்று இனிமையாகப் பதில் வந்தது.

'எத்தனையாம் திகதி அறிவித்தீர்கள்? அந்த அறிவித்தலின் பிரதி ஒன்று தயவுசெய்து அனுப்பவும்' என்று திரும்ப எழுதினார்.

எட்டு நாள் மௌனம். ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடத்துச் செய்தி மடலில், தொலைந்துபோன ஸ்வெற்றர்களுக்கும் பேன் தொல்லைக்கும் இடையில், பெற்றோர் பிரதிநிதித் தேர்தலுக்கு வேட்பாளர் தேவை என்று நான்கு வரி வந்தது. செல்வமலர் விண்ணப்பித்தார். வேறு ஒருவரும் அந்த நான்கு வரியைப் பார்க்கவில்லை. போட்டியின்றித் தெரிவானார். சங்கத்தில் ஓர் ஆளைப் போட்டியின்றித் தெரிவு செய்ய இரண்டு மாதம் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும்; இங்கே பேன் உதவி செய்தது.

ஜனவரி கடைசியில் முதற் கூட்டம். ஒரு நீள மேசை, நல்ல பிஸ்கட், எட்டுப் பேர். தலைவர் ஓய்வுபெற்ற வழக்கறிஞர். எல்லோரையும் முதற்பெயர் சொல்லி அழைக்கும் அன்பான மனிதர். 'செல்வமலர்' அவருடைய வாய்க்குள் மூன்று தடவை விழுந்தெழும்பி 'செல்வா' என்று நின்றது. மிஸிஸ் கார்ஸ்டன் வலப்பக்கத்தில் இருந்தார். தலைமை நிர்வாகி என்ற முறையில் அவரும் சபை உறுப்பினர். களைத்த, சுறுசுறுப்பான பெண். எந்தக் கேள்விக்கும் தாளைப் பார்க்காமல் பதில் சொல்லக்கூடியவர். செல்வமலருக்கு அவரைப் பிடித்திருந்தது. அது ஒரு தொந்தரவு.

கூட்டத்துக்கு நூற்றிருபது பக்கம் தாள் அனுப்பியிருந்தார்கள். தொண்ணூற்றோராம் பக்கத்தில், தலைமை நிர்வாகியின் சம்பளத்தை ஒரு லட்சத்து எண்பத்தோராயிரமாக உயர்த்தி, அவருக்குத் துணையாகத் தொண்ணூறாயிரத்தில் ஒரு பிரதி நிர்வாகியும் எடுப்பது என்று இருந்தது. நூற்றுநான்காம் பக்கத்தில், ஒன்பது உதவியாளர்களை நிறுத்துவது என்று இருந்தது. இடையில் பன்னிரண்டு பக்கம் கூரை திருத்தம். இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய சங்கடம் யாருக்கும் வராதபடி கூரை காப்பாற்றியது.

இரண்டும் முடிவாகும் அடுத்த கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் கொண்டுவருவதாக செல்வமலர் சொன்னார். எழுதியே வைத்திருந்தார். பிள்ளைகளின் தொகை ஆயிரத்துக்குக் கீழே இருக்கும்வரை தலைமை நிர்வாகியின் சம்பளம் இப்போதைய தொகைக்கு மேலே போகக்கூடாது, அடுத்து வருகிறவருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம்தான் உச்சவரம்பு, பிரதி நிர்வாகி வேண்டாம், மிஞ்சுவது உதவியாளர்களுக்கு.

தலைவர் மிகவும் அன்போடு சிரித்தார். "செல்வா, நாங்கள் பொதுவாக இங்கே வாக்கெடுப்பு நடத்துவதில்லை. ஒருமித்த கருத்துக்கு வருவோம்." ஒருமித்த கருத்து என்பது, வாயைத் திறக்காதவர்களின் கருத்து. சங்கத்தில் அதைப் பதினொரு வருடம் குறிப்பில் எழுதியவருக்கு அது தெரியும். "பரவாயில்லை," என்றார் செல்வமலர். "வழிமொழிய ஒரு ஆள் கிடைத்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று உங்களுடைய விதியில் இருக்கிறது."

வழிமொழிய யாரும் கை உயர்த்தவில்லை. அடுத்த கூட்டம் வரை நேரம் இருந்தது.

சபையில் இன்னொரு தமிழர் இருந்தார். கொட்வின், முப்பத்துநாலு வயது, கணக்காளர், லண்டனிலேயே பிறந்தவர். மேரிசாந்தி போகும் அதே தேவாலயத்துக்குத்தான் அவரும் போவார். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே தமிழ்ப் பூசை. மேரிசாந்தி செல்வமலரை அழைத்துப் போனார். திருநீறு இட்ட நெற்றியோடு பூசைக்கு வந்த பெண்ணை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. பூசை முடிந்ததும் பக்கத்து மண்டபத்தில் தேநீர். தவக்காலம் என்பதால் பொரித்த ரோல்ஸுக்குள் இறைச்சி இல்லை, உருளைக்கிழங்குதான்.

கொட்வின் ஆங்கிலத்தில் பேசினார். 'அன்ரி' மட்டும் தமிழ்க் குடும்பத்து அன்ரி. "அன்ரி, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் சம்பளத்தை நாங்களாக வைக்கவில்லை. ஆலோசகர்கள் பன்னிரண்டு ட்ரஸ்டுகளோடு ஒப்பிட்டுத்தான் சொன்னார்கள். இதுதான் மார்க்கெற் ரேற்."

"தம்பி, அந்தப் பன்னிரண்டில ஆகச் சின்னதுக்கு எத்தினை பள்ளிக்கூடம்?"

கொட்வின் தொலைபேசியை எடுத்து விரலால் தள்ளினார். அரை ரோல்ஸ் முடிந்தது. "பதினொன்று," என்றார்.

"எங்களிட்டை?"

"மூன்று."

"அப்ப அது என்ன மார்க்கெற்?"

மேரிசாந்தி தேநீர்க் கோப்பைக்கு மேலால் சொன்னார். "மூண்டு முட்டை வாங்கப்போன ஆளிட்டைப் பெட்டி விலை கேக்கிற மார்க்கெற்."

கொட்வின் சிரித்துவிட்டார். பிறகு, சிரித்ததற்காக வருந்துகிறவர் போல, மேரிசாந்தியைப் பார்த்தார். "நீங்கள் அந்த ஒன்பதில் ஒருவரா?"

"ஓம். இந்த அக்காவின்ர மகளோடை இருக்கிறது நான்தான்."

"எனக்கு யோசிக்க வேண்டும் அன்ரி," என்றார் கொட்வின். "தலைவர்தான் என்னைச் சபைக்குக் கூப்பிட்டவர்."

கூப்பிட்டவரை எதிர்த்து வாக்களிப்பது மரியாதை இல்லை என்று நினைக்க யாழ்ப்பாணத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை. லண்டனில் பிறந்தாலும் வரும்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை வாக்கெடுப்பு. அதற்கு முன், ஆறரை மணிக்கு, பெற்றோரின் கருத்தைக் கேட்பதற்காக விதுஷாவின் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். சென்ற வருடம் இப்படி வைத்தபோது நான்கு பேர் வந்தார்கள். 'பெற்றோர் ஆர்வம் காட்டவில்லை' என்று அறிக்கை எழுதப்பட்டது. இந்த முறையும் நான்கு பேர் என்றால் வாக்கு எப்படிப் போகும் என்று செல்வமலருக்குத் தெரியும். தமிழில் ஓர் அறிவித்தல் எழுதி, அனுப்ப முன் கணவரிடம் காட்டினார்.

பாலேந்திரா கண்ணாடியைப் போட்டார். இது அவருடைய துறை. "இஞ்சேர், ஆறரை எண்டு போட்டிருக்கிறீர்."

"ஆறரைக்குத்தானே கூட்டம்."

"எங்கட சனத்துக்கு ஆறரை எண்டு போட்டால் எட்டுக்குத்தான் வருங்கள். அப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். அஞ்சு எண்டு போடும்."

இது பொய்யல்ல, ஓர் ஒழுங்கு. சங்க விழா ஐந்து மணிக்கு என்று அட்டையில் இருந்தால் ஆறரைக்கு மண்டபம் திறக்கும், ஏழுக்கு விளக்கேற்றுவார்கள், ஏழேகாலுக்கு வருகிறவர் நேரத்தோடு வந்தவர். எழுதுகிறவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும். செல்வமலர் பதினொரு வருடம் இந்தக் கழித்தலைச் செய்தவர். யோசிக்காமல் ஐந்து என்று மாற்றினார். பாலேந்திரா அதைத் தன் பங்குக்குச் சங்கத்துக் குழுக்களிலும் போட்டார்.

அந்த வியாழக்கிழமை மழை. செல்வமலருக்கு ஐந்தரைக்குத்தான் வேலை முடியும். ஐந்து ஐம்பதுக்குப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பள்ளிக்கூட வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை ஒரு வரிசை நின்றது.

தமிழ்ச் சனம். எழுபது பேருக்குக் குறையாது. குடை, பிள்ளை வண்டி, வேலைக்குப் போட்ட சீருடை. பூட்டிய இரும்புக் கேற்றுக்கு முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக, தலையில் மழை வடிய நின்றார்கள். ஆக முன்னால் றமணன்.

"அக்கா!" என்றார் அவர். "அஞ்சு மணி எண்டு போட்டிட்டு எங்கை போனனியள்? நான் நாலு ஐம்பதுக்கு வந்தனான். டாக்ஸியை நிப்பாட்டிப்போட்டு நிக்கிறன்."

"எல்லாரும் அஞ்சுக்கே வந்தனீங்கள்?"

"பின்னை? ஸ்கூல் மீற்றிங் எல்லோ. பிந்திப்போனால் வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

செல்வமலர் வரிசையை முன்னாலிருந்து பின்வரை பார்த்தார். தன்னுடைய சனத்தைப் பதினொரு வருடம் எழுதியும் இந்த ஒன்றை அவர் எழுதியிருக்கவில்லை. நம்மவர் கூட்டத்துக்கு நேரத்தோடு போவது அவமானம். அடுத்தவர் கூட்டத்துக்குப் பிந்திப்போவது அவமானம். இரண்டும் ஒரே மணிக்கூட்டில்தான் ஓடுகின்றன.

பின்வரிசையில் பாலேந்திரா குடையில்லாமல் நின்றார். மனைவியின் கண்ணைத் தவிர்த்தார்.

வரிசைக்குள் வேறு ஒன்றும் நடந்திருந்தது. ஐந்தரைக்கு, பள்ளிக்குப் பிந்திய வகுப்பு முடிந்து பிள்ளைகளைப் பக்கத்துக் கதவால் வெளியே கொண்டுவந்தது மேரிசாந்திதான். நனைந்து நின்றவர்களைக் கண்டு பதறி, கேற்றைத் திறக்கச் சொல்லிக் காவலாளியிடம் ஓடினார். ஆறேகாலுக்கு முன் திறக்க அனுமதி இல்லை என்றார் காவலாளி. அப்படியென்றால் நானும் நிற்கிறேன் என்று மேரிசாந்தி வரிசையில் வந்து நின்றார். நின்றால் கதைக்கத்தானே வேண்டும். என்ன வேலை செய்கிறார், எந்தப் பிள்ளையோடு இருக்கிறார், எப்போது நிறுத்தப்படுகிறார் என்று இருபது நிமிடத்தில் வரிசை முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எழுபது பேரில் பன்னிரண்டு பேருடைய பிள்ளைகள் எப்போதோ ஒரு காலம் மேரிசாந்தியின் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போனவர்கள்.

மேல்மாடியில் மிஸிஸ் கார்ஸ்டனின் அறையில் விளக்கு எரிந்தது. அவர் ஒரு தடவை ஜன்னலருகே வந்து கீழே பார்த்தார், போனார்.

"அந்த மனிசிதானோ?" என்று ஒரு தாய் கேட்டார்.

"ஓம்."

"பிள்ளையளோடை நனையிறம் எண்டு தெரியுதெல்லோ. ஒரு கேற்றைத் திறக்கச் சொல்ல அவவுக்கு எவ்வளவு குடுக்கவேணும்?"

ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் என்ற தொகை நான்கு மாதத்தில் செய்யாததை ஒரு பூட்டிய கேற் ஐம்பது நிமிடத்தில் செய்தது. றமணன் எந்த யூனிவேர்சிற்றி என்று திரும்பக் கேட்கவில்லை.

லண்டனில் ஒரு வரிசை நின்றால் அது தானாக வளரும். பிள்ளையோடு அந்த வழியால் வந்த சோமாலியத் தாய் என்னவென்று கேட்டார், நின்றார். ஒரு போலந்துத் தகப்பன் நின்றார். இரண்டு ஆங்கிலேயத் தாய்மார், தங்களுக்கும் அந்தக் கடிதம் வந்ததென்றும், இப்படி ஓர் ஆர்ப்பாட்டம் ஒழுங்கு செய்திருப்பது தெரியாமல் போனதே என்றும் வருத்தப்பட்டார்கள். இது ஆர்ப்பாட்டம் இல்லை, நேரம் பிழைத்துவிட்டது என்று செல்வமலர் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. உண்மை பேசுவதற்கு ஒவ்வொரு நேரமும் பொருத்தமானதல்ல என்பதை முதற் தடவையாக ஏற்றுக்கொண்டார்.

ஆறு மணிக்குச் சபை உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பக்கத்துக் கதவால் உள்ளே போக அந்த வரிசையின் முழு நீளத்தையும் நடந்து கடக்க வேண்டியிருந்தது. ஒருவரும் கத்தவில்லை. ஒருவரிடமும் பதாகை இல்லை. எல்லோரும் மரியாதையாக, "குட் ஈவினிங்" என்றார்கள். தலைவர் நூறு தடவை "குட் ஈவினிங்" சொல்லிக்கொண்டு உள்ளே போனபோது அவருடைய முகத்தில் அன்பு தீர்ந்திருந்தது. கொட்வின் மேரிசாந்திக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். தன் குடையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மண்டபத்தில் கதிரை போதவில்லை. பெற்றோர் பேசியதைவிட அவர்களுடைய ஈரக் கோட்டுகள் அதிகம் பேசின. ஏழரைக்குச் சபை பக்கத்து அறைக்குள் போனது. பெற்றோர் போகவில்லை; மண்டபத்திலேயே இருந்தார்கள். சுவர் மெல்லியது, பிள்ளைகளின் சத்தம் உள்ளே கேட்டது.

தீர்மானம் எடுக்கப்படுவதற்கு முன் செல்வமலர் கையை உயர்த்தினார். "தொண்ணூற்றேழாம் பிரிவு. சொந்த நலன் உள்ளவர் அந்த விடயம் பேசப்படும்போது அறையில் இருக்கக் கூடாது."

அதுவரை ஒவ்வொரு வருடமும் மிஸிஸ் கார்ஸ்டன் அறையில்தான் இருந்திருக்கிறார். கெட்ட எண்ணத்தால் அல்ல. எழும்பும்படி யாரும் சொல்லவில்லை. சபையில் வாக்கில்லாத, குறிப்பு எழுதுகிற செயலாளர் பக்கங்களைப் புரட்டினார். நான்கு நிமிடம் எடுத்தது. "அவர் சொல்வது சரி," என்றார் செயலாளர். மிஸிஸ் கார்ஸ்டன் தன் தாள்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை. ஒரு களைப்பு மட்டும். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

"வழிமொழிகிறவர் இருக்கிறாரா?" என்று தலைவர் கேட்டார்.

கொட்வின் மேசையைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினார். "ஒப்பீட்டுப் பட்டியலில் ஆகச் சின்ன ட்ரஸ்டுக்குப் பதினொரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நான் கணக்காளர். அதை நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை."

ஏழு பேர் மிஞ்சினார்கள். ஒரு வயதான பெண் உறுப்பினர், ஓய்வுபெற்ற தாதி, செல்வமலர் ஒரு வார்த்தையும் பேசியிராதவர், "ஒரு மணிநேரத்துக்கு மேல் மழையில் நின்றவர்களுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்," என்று சொல்லிக் கையை உயர்த்தினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், தனியாக இருக்கப் பயந்தோ என்னவோ, தானும் உயர்த்தினார். நான்குக்கு மூன்று.

அறைக் கதவைத் திறந்து செல்வமலர் மண்டபத்துக்கு வந்தபோது எல்லோரும் எழும்பினார்கள். அவர் மூன்று வசனம் சொன்னார்: சம்பளம் கூடவில்லை, பிரதி நிர்வாகி இல்லை, ஒன்பது பேரில் எத்தனை பேரை வைத்திருக்க முடியும் என்று இரண்டு கிழமைக்குள் சொல்வார்கள். அவ்வளவுதான். கை தட்டினார்கள்; பாலேந்திரா ஆக அதிகம் தட்டினார். அடுத்த கிழமை சங்கத்தில், ஐந்து மணி என்று போட்டது தன்னுடைய தந்திரம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அவருக்குப் பொன்னாடை போர்த்தலாமா என்று செயற்குழு ஆலோசித்ததாம். செல்வமலருக்கும் ஒன்று போர்த்தலாம் என்று பிறகு யாரோ சேர்த்துக்கொண்டார்களாம். செல்வமலர் வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை வரவேற்றுக்கொண்டு நின்றது மிஸிஸ் கார்ஸ்டன். செல்வமலரிடம் வந்தார். "நேற்று கேற்றைத் திறக்கச் சொல்லி நான் கீழே தொலைபேசி எடுத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. நான் இறங்கி வந்திருக்க வேண்டும்."

செல்வமலர் அதை நம்பினார். "நீங்கள் கெட்டிக்காரர்," என்றார். "அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பள்ளிக்கூடம்தான் மூன்று."

மிஸிஸ் கார்ஸ்டன் தலையசைத்தார். அடுத்த பிள்ளையை வரவேற்கத் திரும்பினார்.

கடிதங்கள் மாதக் கடைசியில் வந்தன. ஒன்பது பேரில் ஆறு பேருக்கு வேலை இருந்தது. மூன்று பேர் போனார்கள். ஒருவர் விரும்பி, இருவர் விரும்பாமல். அந்த இருவருடைய பெயரையும் செல்வமலர் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்கு அனுப்பியிருந்தார்.

மேரிசாந்தி தன் கடிதத்தை வாசலிலேயே உடைத்தார். இரண்டு தடவை வாசித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை வாசித்தார்.

"அக்கா, இருக்கலாமாம். அதே மணித்தியாலம். ஆனால் அடுத்த வருச ஜூலை வரைக்கும்தான் போட்டிருக்கு."

"தாரும் பாப்பம்." செல்வமலர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "ஓம். ஜூலை வரைக்கும்தான்."

"அதுக்குப் பிறகு?"

"பட்ஜெற் மார்ச்சில போடுவினம். நாங்கள் ஜனவரியிலயே கேக்கவேணும். அதுக்குள்ள கவுன்சில்காரரையும் விடேலாது, திங்கக்கிழமை திரும்ப போன் எடுக்கிறன். பிள்ளைக்கு அந்த உத்தரவாதக் கடதாசி வந்திட்டால் உம்மில ஒருத்தரும் கை வைக்கேலாது."

"திரும்பவும் எல்லாரும் வந்து நிப்பினமோ அக்கா?"

"மழை இல்லாட்டியும் நிக்கப் பழக்கவேணும்," என்றார் செல்வமலர்.

உள்ளே மணி அடித்தது. விதுஷா வாசற்படியில் நின்று, எவருடைய பேச்சும் கேட்காத தூரத்தில், மேரிசாந்தியைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். மேரிசாந்தி கடிதத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.